எலுமிச்சம்பழத்துக்கு மோட்டார் மாற்றியவன்

எனக்குக் கைவேலை வராது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பத்தாறு வயதாயிற்று. நான் ஆணி அடித்தால் சுவர் விழும், பல்பு மாற்றினால் எங்கள் அடுக்குமாடி புளோக்கே இருண்டுவிடும் என்பது என் மனைவி மாலதியின் கருத்து. (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள். அன்றைக்கு எங்கள் மாடி மட்டும்தான் இருண்டது.) இருந்தாலும், கைபேசியில் பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், எனக்குள் ஒரு மெக்கானிக் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அவன் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். தாராளமாகச் சிரிக்கலாம். என் அண்ணனே சிரித்தார்.

அண்ணன் முப்பது வருடம் சிங்கப்பூரில் பஸ் ஓட்டியவர். வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கையை விரித்த பிறகு, வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற ஹாஸ்பிஸில் சேர்த்திருந்தோம். அதற்கு முன்பே தன் காரை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். "நீ ஓட்டு குணா. சும்மா நின்னா கார் செத்துரும்" என்றார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தேக்கா மார்க்கெட்டில் உட்கார்ந்து ஒரு மட்டன் சூப் குடிக்க வேண்டும். டாக்டர் சனிக்கிழமை காலைக்கு அனுமதி கொடுத்தார். எட்டு மணிக்கு வலி மருந்து கொடுத்தால் பதினொன்று வரை தாங்கும், அதற்குள் கூட்டிப்போய்க் கூட்டி வந்துவிட வேண்டும். அடுத்த வாரம் இது முடியுமா என்று அண்ணி கேட்டதற்கு, "இந்தச் சனிக்கிழமையே போயிட்டு வந்துருங்க" என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை சாயங்காலம், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கின் கார்பார்க்கில், சாவியைத் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, இஞ்சின் மட்டும் அசையவில்லை.

உடனே வீடியோ. ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது பெரிய இஞ்சினுக்கு முதல் சுற்றுச் சுற்றிவிடுகிற சின்ன மோட்டார். பேட்டரியிலிருந்து மின்சாரம் அதற்குள் போய், இஞ்சின் வழியாகவும் காரின் உடம்பில் முடுக்கியிருக்கிற எர்த் வயர் வழியாகவும் பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும். 'டக்' சத்தம் மட்டும் வந்தால் மோட்டார் போயிருக்கலாம் என்றார் வீடியோக்காரர். அதற்கு முன்னால், பேட்டரியையும் வயர்களின் இரண்டு முனைகளையும் மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றும் நாலு நிமிடம் சொல்லியிருக்கிறார். அந்த நாலு நிமிடத்தை நான் தள்ளிவிட்டேன். மீட்டர் விற்கிற விளம்பரம் என்று நினைத்தேன்.

"மோட்டாரை லேசா தட்டிப் பாருங்க" என்றும் அவர் சொல்லியிருந்தார். மாலதியைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, நான் ஸ்பேனரால் லேசாகத் தட்டினேன். (லேசாக என்றால், பக்கத்து வண்டியின் அலாரம் அடிக்கிற அளவுக்கு.) கார் கிளம்பிவிட்டது.

"பாத்தியா? மோட்டார்தான்!"

"ஸ்டார்ட் ஆயிருச்சுல்ல, அப்படியே வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்களேன்" என்றாள் மாலதி.

"வொர்க்‌ஷாப்ல சனிக்கிழமைக்குள்ள குடுக்க மாட்டான் லா. நானே மாத்துறேன்."

"அப்ப சனிக்கிழமை டாக்ஸியில போலாம்."

"அண்ணன் தன்னோட கார்லதான் போகணும்னு ஆசைப்படுறாரு."

அண்ணன் அப்படிச் சொல்லவே இல்லை. அது என் ஆசை. அவர் காரில் அவரை நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அதுவும் நானே பழுது பார்த்த காரில். செத்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் போய் நான் சபாஷ் வாங்கப் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் புது மோட்டாரோடு இறங்கினேன். கார்பார்க்கில் வண்டி பழுது பார்க்கக்கூடாது என்று பலகையே இருக்கிறது. அதனால் யாராவது வருகிறார்களா என்று பார்க்க, மாலதியை அந்தப் பலகைக்குக் கீழேயே குடையோடு நிற்க வைத்தேன்.

பானெட்டைத் திறந்தால் முதலில் தெரிவது ஓர் எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும். அண்ணன் அதைக் காருக்கு முன்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் கட்டியிருந்தார். கார் என் கைக்கு வந்ததும், ஆபீசில் கேலி செய்வார்களே என்று வெட்கப்பட்டு, நான்தான் அதை உள்ளே, பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டினேன். திருஷ்டியும் கழியும், மானமும் போகாது. அமாவாசைக்கு அமாவாசை புதுப்பழம். சூடான இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் தொங்கினால் எலுமிச்சம்பழம் என்ன பாடுபடும் என்று நான் யோசித்ததில்லை.

பழத்துக்கு நேர் கீழே, எர்த் வயர் முடுக்கியிருந்த போல்ட்டின் மேல், வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. திருநீறு, மாலதிதான் பூசியிருப்பாள் என்று நினைத்தேன். பயபக்தியோடு தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன். நெற்றி எரிந்தது. சாமிக்குச் சக்தி அதிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் போராடிப் பழைய மோட்டாரைக் கழற்றினேன். முழங்கையில் தோல் போயிற்று, ஒரு நட்டு கால்வாயில் விழுந்தது, குடைக்கு அடியிலிருந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கழற்றியதைத் தரையில் வைத்து, பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துச் சோதித்தேன். (வீடியோவின் அந்தப் பகுதியைத் தள்ளவில்லை.) அது துள்ளி எழுந்து, சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு சுற்றியது.

"நல்லாத்தானே ஓடுது?" என்றாள் மாலதி.

"அணையப்போற விளக்கு பிரகாசமா எரியும்" என்றேன்.

அந்த வாரம் அண்ணனும் ரொம்பத் தெளிவாக இருந்தார். நர்ஸ்களைக் கேலி செய்தார், இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்து எங்களுக்கு இந்தப் பழமொழி நினைவுக்கு வரவில்லை. மோட்டாரைப் பார்த்துத்தான் வந்தது.

புது மோட்டாரை மாட்டினேன். சாவியைத் திருகியதும் கார் கிளம்பியது. வேலை செய்கிற வாக்கில் வயர்களை நான் ஆட்டி அசைத்ததில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தெரியாமல் அண்ணனுக்குப் போன் போட்டு, "நாளைக்கு எட்டரைக்கு ரெடியா இருங்க" என்றேன். கையோடு, புது மோட்டாருக்குத் திருஷ்டி படக்கூடாது என்று அதே இடத்தில், அதே போல்ட்டுக்கு மேலே, புது எலுமிச்சம்பழம் ஒன்றையும் கட்டினேன்.

சனிக்கிழமை எட்டு மணி. 'டக்.'

புது மோட்டாரையும் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். மாலதி டாக்ஸி கூப்பிடப் போனை எடுத்தபோதெல்லாம் "அஞ்சு நிமிஷம் லா" என்றேன். அப்படிப் பதினைந்து அஞ்சு நிமிஷம் போயிற்று. கடைசியில் அவள் என்னைக் கேட்காமலே டாக்ஸியைக் கூப்பிட்டுவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அண்ணன் ஏழு மணிக்கே குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, ஷூ மாட்டி, சக்கர நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்ததில் உடம்பு சோர்ந்து, மருந்தையும் மீறி வலி வந்து, மறுபடி படுக்க வைத்துவிட்டார்கள். கட்டிலில் ஷூவோடு கிடந்தார்.

"கழட்ட விடமாட்டேங்கிறாரு தம்பி. நீங்க வந்துருவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார் அண்ணி.

இன்றைக்கு வெளியே போக முடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். நான் அண்ணனின் காலடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். கிரீஸ் படிந்த என் விரல்கள் அந்த வெள்ளைச் சாக்ஸில் கறுப்பாகப் பதிந்தன.

"என்னடா ஆச்சு காருக்கு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பழைய மோட்டாரைக் கழட்டி டெஸ்ட் பண்ணினியா?"

"பண்ணினேண்ணே."

"ஓடுச்சா?"

"நல்லா ஓடுச்சு."

ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று கையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். நான் அழுதேன். சாயங்காலம் தேக்காவிலிருந்து சூப்பை பங்குஸ், அதாவது பார்சல், வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு கரண்டி குடித்தார். "அங்க உக்காந்து குடிக்கிற மாதிரி வராது" என்று மூடிவைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மெக்கானிக்கைக் கார்பார்க்குக்கே வரவழைத்தேன். சீனர், அறுபது வயதிருக்கும். மீட்டரை இரண்டு இடத்தில் வைத்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், கீழே போல்ட்டைப் பார்த்தார், என் நெற்றியில் இன்னும் ஆறாத சிவப்பைப் பார்த்தார். சாறு சொட்டிச் சொட்டி எர்த் வயரை அரித்துத் தின்றிருந்தது; விளக்குக்கும் ஹாரனுக்கும் போதுமான மின்சாரம் போயிருக்கிறது, மோட்டாருக்குத்தான் போதவில்லை. நான் பூசிக்கொண்ட திருநீறு அந்த அரிப்புதான். பத்து நிமிடத்தில் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்கினார். கார் கிளம்பியது.

"ஸ்டார்ட்டர் நத்திங் ராங் லா" என்றார். பிறகு பழத்தை மரியாதையோடு இரண்டு கையாலும் கழற்றி என்னிடம் கொடுத்து, "யுவர் காட், கேன் ஸிட் அவுட்சைட்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காரை ஓட்டிக்கொண்டு ஹாஸ்பிஸுக்குப் போனேன். அதற்குள் அண்ணனால் எழுந்து உட்காரவே முடியவில்லை. மெக்கானிக் சொன்னதைக் கேட்டு மெல்லச் சிரித்துவிட்டு, "போய் ஜன்னலுக்குக் கீழ நிறுத்தி ஸ்டார்ட் பண்ணு, கேக்குறேன்" என்றார். போய் ஸ்டார்ட் பண்ணினேன். மேலே அண்ணி போனை அவர் வாயருகே பிடித்திருந்தார்.

"ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை."

செய்தேன்.

"இன்னொரு தடவைடா."

மூன்றாவது தடவைக்குப் பிறகு, "நல்ல மோட்டார்" என்றார். நான் எதிர்பார்த்திருந்த சபாஷ் அதுதான். வியாழக்கிழமை காலையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் எல்லோரும் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தோம். இலை போட்டு, அண்ணி ஒவ்வொருவருக்கும் பரிமாறிக்கொண்டு வந்தார். ஊறுகாய்க் கிண்ணத்தோடு என் முன்னால் வந்ததும் நின்றார்.

"குணா தம்பி, ஸ்பேர் பார்ட்ஸ் வைக்கவா?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அவருதான் சொல்லிட்டுப் போனாரு" என்றார் அண்ணி. "எலுமிச்ச ஊறுகாய் வைக்கிறப்பெல்லாம் உங்ககிட்ட இப்படிக் கேக்கணுமாம். புதன்கிழமை ராத்திரி சொன்னாரு. அதுக்கப்புறம் அவரு எதுவும் பேசல."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. வீடே சிரித்தது. இப்போது எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பரிமாறுகிறவர்கள் என் இலைக்கு வந்ததும் நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் ஊறுகாய் வைக்கிறார்கள். விஷயம் தெரியாத கேட்டரிங் ஆள் ஒருவர் போன மாதம் கேட்காமலே வைத்துவிட்டார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்தி, அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்து, கேட்க வைத்தேன்.