டிக்கெட் இல்லாத இடம்

ஐஸ் தொழிற்சாலையின் வாசலில் ஒரு டிக்கெட் கவுண்டர் முளைத்திருந்தது. அதைப் பார்த்ததும் வழிகாட்டி டிரைவரிடம் வேனை நிறுத்தச் சொன்னார்.

போன மாதம் வந்து பார்த்தபோது வாசலில் ஒரு சைக்கிளும் அதன் நிழலில் ஒரு நாயும்தான் இருந்தன. இப்போது கவுண்டர், கயிறு கட்டிய வரிசை, உள்ளே போக ஒரு அம்புக்குறி, வெளியே வர ஒரு அம்புக்குறி. வெளியே வரும் அம்புக்குறி நேராகக் கொண்டுபோய் விட்ட இடம், பனிக்கட்டி வடிவில் சாவிக்கொத்து விற்கும் கடை.

வேனுக்குள் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கப்பல் ஏறுவதையே வேலையாக வைத்துக்கொண்டவர்கள். ஜன்னல் வழியாகக் கவுண்டரைப் பார்த்தார்கள். பிறகு வழிகாட்டியைப் பார்த்தார்கள்.

"தம்பி, டிக்கெட் கிழிக்கிற இடத்துக்கு நாங்க போறதில்ல," என்றார் முன் சீட்டில் இருந்த தொப்பிக்காரர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சில மாத்திரைகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். சுற்றுலாக் கப்பல் காலையில் வரும், மாலையில் போய்விடும். நடுவில் இருக்கும் பகலைக் கரையில் இருப்பவர்கள் நிரப்பித் தர வேண்டும். முதல்முறை வருகிறவர்களின் பகலை நிரப்புவது சுலபம். கோட்டை, அருங்காட்சியகம், கடைத்தெரு. இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. கடைத்தெருவை முதலில் காட்டினால் கோட்டைப் படிகளில் பைகளை வழிகாட்டிதான் தூக்க வேண்டி வரும்.

ஆனால் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் வேறு ரகம். கோட்டையில் எந்தப் படி ஆடுகிறது என்பது வழிகாட்டியைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது, சுற்றுலாப் பயணிகளே போகாத இடம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் ஒருமுறை போய்விட்டால் அது சுற்றுலாப் பயணிகள் போன இடம் ஆகிவிடும். அப்படிப்பட்ட இடம் சோப்பு மாதிரி, உபயோகிக்க உபயோகிக்கக் கரைந்துகொண்டே போகும்.

இந்த எட்டுப் பேரும் உண்மையில் நம் வழிகாட்டியின் ஆட்கள் அல்ல. அவருடைய மச்சானின் ஆட்கள். மச்சான் என்றால் மனைவியின் சொந்த அண்ணன். ஒரு காலத்தில் இருவரும் கூட்டாகத்தான் கம்பெனி நடத்தினார்கள். கூட்டத்துக்கு முன்னால் கொடியைப் பிடித்துக்கொண்டு நடப்பது யார் என்பதில் தகராறு வந்து, கொடி கிழிந்து, கம்பெனியும் கிழிந்தது. "ரெண்டு பேரும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் எங்கிட்ட பேசக் கூடாது, நான் எந்தப் பக்கமும் இல்ல," என்று மனைவி அன்றே சொல்லிவிட்டாள்.

பிரிந்து போன மச்சான், பழைய பயணிகளுக்கென்றே தனியாக ஒரு பயணம் நடத்த ஆரம்பித்தார். அது எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. போனவர்கள் எல்லாரும் முழு மதிப்பெண் போட்டார்கள். அது மட்டும் தெரியும்.

அந்த மச்சானுக்கு இன்று பார்த்துப் பல் வீங்கிவிட்டது. கப்பலின் சுற்றுலா அதிகாரி அம்மாள் காலையிலேயே வழிகாட்டியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த எட்டுப் பேர் சந்தோஷமாகக் கப்பல் ஏறினால் அடுத்த சீசன் முழுக்க எல்லாக் கப்பலும் அவருக்கு. முகத்தைச் சுளித்தால் எல்லாக் கப்பலும் மச்சானுக்கு. வழிகாட்டியின் கம்பெனி என்பது அவர், ஒரு வேன், சில வாடகை பஸ்கள், ஒரு புதுக் கொடி. கப்பல் இல்லையென்றால் மிஞ்சுவது கொடி மட்டும்தான்.

அதனால் வேன் கிளம்பும்போதே பேச்சுவாக்கில் கேட்பதுபோல, போன தடவை எங்கே போனீர்கள் என்று விசாரித்தார்.

"அதை மட்டும் கேக்காதீங்க தம்பி," என்றார் தொப்பிக்காரர். "வெளிய சொன்னா இடம் கெட்டுப்போயிரும்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்."

எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். கடைசி சீட்டில் பெரிய கைப்பையை மடியில் வைத்திருந்த அம்மாள் மட்டும் சத்தம் வராமல் சிரித்தார். ஆனால் சீட்டு குலுங்கியது.

ஐஸ் தொழிற்சாலை கைவிட்டதும் வழிகாட்டி வேனை சலவைக்கூடத்துக்கு விட்டார். ஓட்டல் போர்வைகளைத் துவைக்கும் பெரிய கூடம். கவுண்டர் இல்லை, அம்புக்குறி இல்லை, வரவேற்கக்கூட யாரும் இல்லை. அவருக்கு உயிர் வந்தது.

அங்கே இருக்கும் இஸ்திரி எந்திரம் பார்க்க வேண்டிய ஒன்றுதான். ஒரு ஆள் உயரத்துக்கு உருளைகள், உள்ளே நீராவி ஓடிக்கொண்டே இருக்கும். ஈரப் போர்வையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் புதுக் காகிதம் மாதிரி மொடமொடவென்று வரும். அதை இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பிடித்து, ஒரு உதறு, இரண்டு மடிப்பு, அடுக்கிவிடுவார்கள். கண் பார்ப்பதற்குள் கை முடித்துவிடும். எட்டுப் பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். முடிந்தவரை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார் வழிகாட்டி.

கைப்பை அம்மாள் மடித்த போர்வை ஒன்றின் முனையைத் திருப்பிப் பார்த்தார். நீல நூலில் ஒரு நங்கூரமும் ஒரு மீனும் தைத்திருந்தது.

அது அவர்கள் வந்த கப்பலின் சின்னம்.

"நேத்து வரைக்கும் இதுலதான் படுத்திருந்தோம்," என்றார் தொப்பிக்காரர். "இதைப் பார்க்கவா தம்பி கப்பலை விட்டு இறங்கினோம்?"

அதற்குள் இதுவரை பேசாதிருந்த கேமராக்காரர் இன்னும் துவைக்காத குவியலிலிருந்து ஒரு போர்வையை உருவினார். அதிலிருந்த காபிக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என்னுதுதான்," என்று வெட்கத்துடன் சொன்னார். அவர் மனைவி அதைப் பிடுங்கிக் குவியலுக்குள் திணித்தார்.

மறுபடியும் வேன். இனிமேல் இடம் என்று எதுவும் இருக்கவே கூடாது என்று முடிவு செய்தார் வழிகாட்டி. இடம் இருந்தால்தானே அங்கே கவுண்டர் வரும். ஒரு சாதாரணத் தெருவில், ஒரு சாதாரண பஸ் நிறுத்தத்தில் எட்டுப் பேரையும் இறக்கினார். எதிரே ஒரு டயர் கடை, ஒரு மருந்துக்கடை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"இதுதான் ஊரு," என்றார்.

இது அவர்களுக்குப் பிடித்துப்போனது. எட்டுப் பேரும் வரிசையாக நின்று ஒன்றுமில்லாததை ரசித்தார்கள். டயர் கடைக்காரர் ஒரு டயரை உருட்டினார். கேமராக்காரர் படம் எடுத்தார். டயர் கடைக்காரர் இன்னொரு முறை, கொஞ்சம் ஸ்டைலாக உருட்டினார்.

அந்த வழியாக வேறொரு கப்பலின் கூட்டம் வந்தது. எட்டுப் பேர் அசையாமல் ஒரே திசையைப் பார்த்து நிற்பதைக் கண்டதும் அந்தக் கூட்டமும் நின்றது. நாற்பது பேர் டயர் கடையை நோக்கித் திரும்பினார்கள். அவர்களுடைய கொடிக்காரப் பெண் மெதுவாக வழிகாட்டியின் பக்கத்தில் வந்து, "அண்ணே, இங்க என்ன பார்க்கணும்? எங்க கையேட்டுல இல்லையே," என்று காதைக் கடித்தாள்.

ஒன்றுமில்லை என்று அவர் சத்தியம் செய்தார். மறைக்கிறார் என்று அவள் முடிவு செய்தாள். கொஞ்ச நேரத்தில் பலூன்காரர் ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் குல்லாய் விற்பவர். டயர் கடைக்காரர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, வாசலில் ஒரு சங்கிலியைக் கட்டி, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அது கவுண்டர் என்பதைப் புரிந்துகொள்ள வழிகாட்டிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போது அதிகாரி அம்மாளின் போன் வந்தது.

எல்லாரும் ரொம்ப ரசிக்கிறார்கள் என்றார் வழிகாட்டி. அடுத்து எங்கே என்று அவர் கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னார் வழிகாட்டி. "ஒரு வீடு மேடம். சாதாரண வீடு."

"நல்ல யோசனை," என்றார் அதிகாரி. "ஆனா உங்க வீடோ சொந்தக்காரங்க வீடோ கூடாது. அது ஏமாத்து வேலை. கம்பெனி ஒத்துக்காது. தெரியும்ல?"

"சேச்சே," என்றார் வழிகாட்டி. போனை வைத்துவிட்டுத் தெரிந்த வீடுகளையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தார். நண்பன் வீடு பூட்டியிருக்கும். டிரைவர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். கடைசியில் ஒரு வீடுதான் மிஞ்சியது. அதன் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

மனைவிக்குப் போன் செய்தார்.

"இன்னைக்கா? வேண்டவே வேண்டாம்," என்றாள் அவள். "வீடு போட்டது போட்டபடி கெடக்கு."

"அதுதான் வேணும். மாத்திராத."

"யாரு வர்றது?"

"உங்கண்ணனோட ஆளுங்க. எட்டுப் பேரு. நீ என்னைத் தெரியாத மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. பிறகு, "எந்த எட்டுப் பேரு?" என்று கேட்டாள். அது என்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டே அவர் போனை வைத்துவிட்டார்.

வேன் அவருடைய தெருவுக்குள் திரும்பியதும் உள்ளே ஒரு சலசலப்பு. ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கேமராக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆளு கெட்டிக்காரர்தான்," என்று தொப்பிக்காரர் வழிகாட்டியின் தோளைத் தட்டினார். காலையிலிருந்து கிடைத்த முதல் பாராட்டு. வழிகாட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

தன் சொந்த வீட்டின் அழைப்பு மணியை அவர் அன்றுதான் முதல்முறையாக அழுத்தினார். அது குருவி மாதிரிக் கூவும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

மனைவி கதவைத் திறந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. நடிப்பில் இறங்கிவிட்டாள் என்று மெச்சிக்கொண்டார் வழிகாட்டி.

"வணக்கம்மா. நாங்க கப்பல்லேருந்து வர்றோம். உங்க வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"நீங்க யாருங்க?"

"நான் வழிகாட்டிம்மா."

"பார்த்தா அப்படித் தெரியலையே," என்றாள் அவள். ஆனாலும் வழிவிட்டாள்.

அதன்பிறகு எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தொப்பிக்காரர் யாரையும் கேட்காமல் நேராகக் கழிப்பறைக்குப் போய், வெளியே அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சைப் போட்டார். பாவம், அவசரம் என்று நினைத்துக்கொண்டார் வழிகாட்டி. மனைவி காபி கொண்டுவந்தாள். கேட்காமலே தொப்பிக்காரருக்குச் சர்க்கரை இல்லாமல் கொடுத்தாள். கேமராக்காரருக்கு முக்கால் டம்ளர், அவர் சிந்துவார் என்பதைக் கண்டுபிடித்தவள் போல. ஆளைப் பார்த்தே எடை போடுகிறாளே, இவளையும் தொழிலில் சேர்த்துக்கொண்டிருக்கலாமே என்று அவர் வருந்தினார்.

தெரியாத வீட்டைத் தெரிந்த மாதிரி விளக்குவது அவருடைய தொழில். தெரிந்த வீட்டைத் தெரியாத மாதிரி விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் புரிந்தது. அலமாரியைக் காட்டி, "இதுல என்னம்மா வச்சிருப்பீங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் சட்டை. இஸ்திரி போட்டது மேல, போடாதது கீழ. இத்தனை வருசமாச்சு, அவருக்கு இன்னும் அது தெரியாது."

எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வேற எப்படிம்மா உங்க வீட்டுக்காரரு?" என்று எடுத்துக் கொடுத்தார் கேமராக்காரரின் மனைவி.

"நல்ல மனுஷன்தான். எதையும் தேட மாட்டாரு. எங்கன்னு கேப்பாரு."

மறுபடியும் சிரிப்பு. வழிகாட்டியும் சேர்ந்து சிரித்தார். வேறு வழியில்லை, அவர் அந்த வீட்டுக்காரர் இல்லையே.

பக்கத்து அறையின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. கட்டிலைப் பார்த்ததும் அவருக்குக் கொட்டாவி வந்தது. கப்பல் வரும் நாட்களில் விடியலிலேயே போய் பஸ்களை அனுப்பிவிட்டு, அவை திரும்பும்வரை இந்நேரம் அவர் அங்கேதான் கிடப்பார். கைப்பை அம்மாள் அந்த அறைப் பக்கம் கழுத்தை நீட்டினார். மனைவி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

கிளம்பும் நேரம் வந்தது. இதுவரை ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. அடுத்த சீசனின் கப்பல்கள் ஒவ்வொன்றாக வழிகாட்டியின் கண்முன்னே துறைமுகத்துக்குள் நுழைந்தன. மச்சானைப் பார்த்து, பல் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அன்பாக விசாரிக்க வேண்டும்.

"முழு மார்க்கும் போட்டுரலாமா?" என்று தொப்பிக்காரர் மற்றவர்களைக் கேட்டார்.

ஏழு தலைகள் திரும்பி எட்டாவது தலையைப் பார்த்தன. கைப்பை அம்மாள் காலையிலிருந்து வாயே திறக்காதவர். இப்போதும் தயங்கினார்.

"ஏதாவது குறையாம்மா? தைரியமாச் சொல்லுங்க," என்றார் வழிகாட்டி. 

அவர் வழிகாட்டியிடம் சொல்லவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மனத்தாங்கலோடு கேட்டார்:

"எல்லாம் எப்பவும் போல நல்லாத்தான் இருந்துச்சும்மா, ஆனா அந்த ரூம்ல தலையோட போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு ஒருத்தர் குறட்டை விடுவாரே, கடைசியா கதவைத் திறந்து காட்டுவீங்களே, அவரை ஏம்மா இந்தத் தடவை காட்டல?"