இழவுச் சைக்கிள்

சைக்கிளில் ஏறி உட்கார்ந்தே நாலு தேயிலைத் தோட்டத்து ஜனங்களை அழவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தெரணியகலை மலையில் இருந்தார். இழவுச் சைக்கிள் என்பார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தொண்ணூறுகளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் போன் ஏது? யாராவது செத்தால் மற்றத் தோட்டத்து உறவுக்காரர்களிடம் போய்ச் சொல்வது அவர் வேலை. அதற்கு மட்டும்தான் சைக்கிளில் ஏறுவார். மற்ற நாளில் அரிசி மூட்டை ஏற்றினாலும் சரி, யட்டியாந்தோட்டைப் பக்கம் தங்கச்சியைப் பார்க்கப் போனாலும் சரி, தள்ளிக்கொண்டுதான் போவார்.

"அண்ணே, எறக்கந்தானே, ஏறி ஒக்காருங்களேன்."

"நான் ஏறணும்னா ஒருத்தரு போகணும். நீ போறியா?"

கேட்டவன் வேகமாக முன்னால் நடந்துவிட்டான்.

ஒருமுறை நாய் துரத்தி, உயிருக்குப் பயந்து ஏறிவிட்டார். மேல் லயத்தில் மாமியார் நோயாகக் கிடக்க, கீழ் லயத்திலிருந்த மருமகள் இதைப் பார்த்துவிட்டாள். விசாரிக்கவே இல்லை, "தங்கமான மாமியாரே" என்று மாரில் அடித்து ஒப்பாரி எடுத்துவிட்டாள். சத்தம் கேட்டுக் கிழவியே கம்பை ஊன்றி இறங்கி வந்து நின்றாள்.

"இம்புட்டு நாளா இந்தத் தங்கம் எங்கடி கெடந்துச்சு?"

மார்கழி, தை வந்தால் மலைப்பாதையைப் பனி மூடிவிடும். உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு, காதில் துவாயைக் கட்டிக்கொண்டு, விறைத்த விரலோடு இறங்குவார். நனைந்த பிரேக் பிடிக்காது. வளைவுகளில் செருப்பை ரோட்டில் தேய்த்துத்தான் நிறுத்துவார்.

நானா கடைக் காலண்டரில் ஒரு வெள்ளைக்காரன் உறைபனி மலையில் சைக்கிள் ஓட்டும் படம் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"பெரிய பனி! இவனுக்குச் சுத்தி இருக்குற மலையெல்லாம் தெரியுது. நமக்கு ஹேண்டிலாவது தெரியுதா நானா?"

"அவன் சந்தோஷத்துக்கு ஓட்டுறான்" என்றார் கடைக்காரர்.

"சந்தோஷத்துக்கா?"

அன்றைக்கு முழுவதும் அவர் முகம் சரியில்லை.

அந்த வருஷத் தையிலேயே ஒரு விடியலில் இழவு சொல்லப் போய் நனைந்து வந்தார். சளி நெஞ்சில் கட்டி, அந்த வாரமே போய்விட்டார். தங்கச்சிக்கு அவரை விட்டால் யாருமில்லை. மண் போடுவதற்குள் அவள் வந்து முகம் பார்க்க வேண்டும். சைக்கிளை என் கையில் கொடுத்தார்கள்.

பனிக்குள் மிதித்தேன். கண்ணில் நீர் வந்ததற்குக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. அவள் லயம் தெரிந்ததும் அதற்குமேல் மிதிக்க மனம் வராமல், இறங்கித் தள்ளினேன்.

வாசலில் நின்றவள் சைக்கிளைக் கண்டு வெளுத்தாள். பிறகு, நான் தள்ளிக்கொண்டு வருவதைக் கவனித்துச் சிரித்தாள்.

"தள்ளிக்கிட்டுத்தானே வர்றீங்க தம்பி? அப்பச் சரி. அண்ணன் சொகமா இருக்காரா? உள்ள வாங்க, பிளேன்டி ஊத்துறேன்."

அந்தத் தேநீரை மிக மெதுவாகக் குடித்தேன். அது தீரும் வரைக்குமாவது எங்கள் அண்ணன் உயிரோடு இருக்கட்டும்.