ரசீது கேட்காத மரியாதை

மதிப்புக்குரிய செஸ் கிளப் பொருளாளரும் என் மனைவியின் உடன்பிறந்த தம்பியுமான மாப்பிள்ளைக்கு, செயலாளர் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

பதினொரு வருடமாக அந்தக் கிளப்புக்குச் சம்பளமில்லாத செயலாளர் நான். கதவைத் திறப்பது நான், கடிகாரங்களுக்கு பேட்டரி போடுவது நான், காணாமல் போன சிப்பாய்க்குப் பதிலாக பாட்டில் மூடி வைப்பதும் நான். மாதாமாதம் பஸ் டிக்கெட்டையும் போன் பில்லையும் உன்னிடம் நீட்டுவேன், செலவானதைக் கொடுப்பாய். யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. போன வருடப் பொதுக்கூட்டத்தில்தான் உனக்கு என்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தான்கிட்டப் போய் டிக்கெட்டக் காட்டுங்கன்னு கேக்க எனக்கே கூசுது, இனிமே மாசம் ஒரு தொகைய அப்படியே குடுத்துடலாம்" என்று எழுந்து நின்று சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் தட்டினேன்.

இப்போது வரி அலுவலகத்திலிருந்து கடிதம். போய் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா, "ரசீது குடுத்து வாங்கினா அது செலவு, ரசீது இல்லாம வாங்கினா வருமானம்" என்றார். மரியாதைக்காகத்தான் ரசீது கேட்கவில்லை என்றேன். "மரியாதைக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்லீங்க" என்றார். வரி என்னவோ சொற்பம்தான், கட்டித் தொலைத்திருப்பேன். உன்னிடம் வந்து சொன்னேன் பார், அதுதான் என் புத்திகெட்ட வேலை. என்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று கிளப் தாளில் அவர்களுக்கு ஒரு நற்சான்று எழுதினாயே, எங்கள் செயலாளர் நேரம் காலம் பாராமல் நாள் முழுக்க உழைப்பவர் என்று, அதைப் படித்துவிட்டு நான் முழுநேர வேலையில் இருப்பதாகவே முடிவுகட்டிவிட்டார்கள். வேலை பார்க்கிறவனுக்கு எதுக்கு ஓய்வூதியர் சலுகை அட்டைன்னு அதையும் பிடுங்கிக்கிட்டாங்க. அந்த அட்டையிலதான் மாப்பிள்ளை, உன் அக்காவோட மூட்டு வலி ஊசி பாதி விலைக்குக் கிடைச்சுது. இந்த மாசம் ஊசி போடலை. மாடி ஏற முடியாம கீழ் ரூம்லயே கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கா.

நான் விலகினால் அட்டை திரும்பக் கிடைக்கும் என்று கவுன்ட்டர் அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆகவே பதவியைத் துறக்கிறேன். சாவியை வந்து வாங்கிக்கொண்டு போ. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு இந்த மாதம் கிடையாது.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர்

பின்குறிப்பு: கடிதத்தை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "ஊசிய முழு விலைக்கே வாங்கிக்கலாம். தம்பி எழுதினதுல என்ன பொய் இருக்கு? இத்தனை வருஷமா நாள் முழுக்க அங்கதான இருந்தீங்க, நானும் தனியா இருந்து பழகிட்டேன், இனிமே வீட்டுலயே இருந்து என்ன பண்ணப் போறீங்க" என்று சொல்லிவிட்டாள். சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.