நாலு பேரக்ஸும் ஒரு தாலியும்

எனக்குக் குடுத்தது ஒரே வேலை. திருச்சானூர் தாயார் சன்னதியில தாலிய வெச்சு கும்பிட்டு, நேரா மண்டபத்துக்குக் கொண்டாரணும். அக்கா பொண்ணு கல்யாணம். நான் தாய்மாமன்.

மண்டபம்னா, சந்திரகிரி ரோட்டுல பழைய மிலிட்டரி பேரக்ஸ். பட்டாளம் காலி பண்ணிக்கினு போனப்புறம், சிப்பாய்ங்க படுத்துக்கினு இருந்த நாலு கட்டடத்தையும் கல்யாண மண்டபமா ஆக்கிட்டாங்க. நாலும் ஒரே நீளம், ஒரே ஓடு, ஒரே கதவு. சுவத்துல இருந்த நம்பர் மேல ரோஸ் பெயிண்ட் வேற அடிச்சுட்டாங்க.

அன்னிக்கு முகூர்த்த நாள். நாலுலயும் மேளம்.

வேர்க்க வேர்க்க ஓடி மேடையேறி, "தாலி வந்துடுச்சு"ன்னேன்.

"புட்டிண்டி வாள்ளா?"ன்னாரு புரோகிதர். பொறந்த வீட்டு ஆளுங்களான்னு கேக்கறாரு. எங்க பக்கம் பாதி ஐயருங்க தெலுங்குதான், சந்தேகமே வரல.

"அவுனண்டி, மேனமாமா"ன்னேன் கெத்தா. ஆமாங்க, தாய்மாமன்னு அர்த்தம்.

"ஹம்மய்யா"ன்னு பெருமூச்சு விட்டு வாங்கி தட்டுல வெச்சாரு. அதுல ஏற்கெனவே ஒரு தாலி இருந்துச்சு.

தெலுங்குக் கல்யாணத்துல பொறந்த வீட்டுது ஒண்ணு, புகுந்த வீட்டுது ஒண்ணுன்னு ரெண்டு கட்டுவாங்க. மாப்ள வீடு தெலுங்குக்காரங்களோட பழகிப் பழகி மாறிட்டாங்க போலன்னு நெனச்சுக்கினேன். பொண்ணும் இன்னும் மேடைக்கு வரல.

தட்டு ஆசீர்வாதத்துக்குக் கெளம்புச்சு. அக்கா போன்.

"எங்கடா இருக்கே? ஐயர் தாலி கேக்கறாரு."

"குடுத்துட்டேனே."

"யார்கிட்ட?"

அப்பதான் மாப்ளய நல்லா பாத்தேன். நம்ப மாப்ளைக்கு மீசை கெடயாது.

தட்டு பின்னாடியே ஓடுனேன். நான் ஒரு வரிசைக்குப் போனா தட்டு அடுத்த வரிசைக்குப் போயிடுது. தொட்டுக் கும்பிடத்தான் அலையறேன்னு நெனச்சு, "ஆகண்டி, வஸ்துந்தி"ன்னு, இருங்க வரும்னு, ஒரு அம்மா என்ன ஒக்கார வெச்சுது.

கடைசி வரிசையில ஒரு பெரியவர் கையில தட்டப் புடிச்சுட்டேன். "ஐயா, நாமம் போட்டது எங்க தாலி. பக்கத்து பிளாக்"ன்னேன்.

அவரு ரிடையர்டு மிலிட்டரி. என்ன ஏற எறங்கப் பாத்தாரு. "நான் இங்கதான் சிப்பாயா இருந்தேன். நம்பர் எழுதியிருக்கும்போதே நாங்க பிளாக் மாறிப் படுத்திருக்கோம். எடுத்துக்கினு ஓடுப்பா"ன்னாரு.

அவங்க நெஜ மாமா இன்னும் ரேணிகுண்டாவுல பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தாராம்.

நல்ல நேரம் முடியறதுக்குள்ள தாலி ஏறிடுச்சு. அக்கா மூஞ்சியப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்பாடான்னு பந்திக்குப் போயி, வயிறு முட்ட துன்னுட்டு வந்து, "அக்கா, அந்தப் புளியோதரை பிரமாதம். யாரு சமையல்?"னு கேட்டேன்.

"நம்ப பந்தி இன்னும் போடவே இல்லியேடா"ன்னுது அக்கா.