பட்டாணியார் பால் மறுத்த படலம்

வாழி! எட்டு நடைமேடைகளையும் ஒற்றை நாவால் ஆண்டவள், தாமதமாகும் வண்டிகளுக்காக அன்றாடம் நூறு முறை வருத்தம் தெரிவித்தும் ஒரு முறையேனும் வருந்தியறியாதவள், ஒலிவாங்கி பழுதான நாளில் வெறுந்தொண்டையாலேயே பெருங்கூட்டத்தை ஆறாம் நடைமேடையிலிருந்து இரண்டாம் நடைமேடைக்கு ஓட்டிய குரலரசி, ரயில் நிலைய அறிவிப்பாளர் வாழி! மகப்பேறு விடுப்பிலிருந்த அவ்வீராங்கனை, பல் முளையாத, கழுத்து இப்போதுதான் நின்ற, நான்கே மாதமான ஒரு பகையோடு காலை தொடங்கிப் பொழுது சாயும் வரை பொருத காதையைச் சொல்லப் புகுமுன், பால் கட்டிய மார்பின் வலியறிந்த தாய்மார் அனைவரையும் காப்பாக வேண்டி நிற்கிறோம்.

பகையின் செல்லப்பெயர் பட்டாணி. தொடைக்கு மூன்று மடிப்பும் மணிக்கட்டுக்கு ஒரு மடிப்புமாகத் திரண்ட மேனியள். தலையில் எண்ணி நாற்பது முடி உடையவள். பெற்ற தாயைத் தன் பாற்களஞ்சியத்தின் காவலாளி என்று மட்டுமே கருதிவந்த செருக்கினள்.

போர் ஒரு தும்மலால் மூண்டது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறிவிப்பாளர் சன்னலோர நாற்காலியில் அமர்ந்து பாலூட்ட, அவள் கணவன் ஸ்டூல் மேலேறி மின்விசிறி இறக்கைகளைத் துடைக்க, ஓராண்டுக் காலம் அங்கே தவமிருந்த தூசிப்படை திரண்டிறங்கி அவள் நாசிக்குள் நுழைந்தது. எட்டு நடைமேடைகளுக்கென்று பயின்ற நுரையீரலிலிருந்து புறப்பட்ட அந்தத் தும்மல் சன்னற்கண்ணாடிகளை அதிரவைத்தது. அலமாரித் தட்டங்களை நடுங்கவைத்தது. எதிர்வீட்டுக் கதவைத் திறக்கவைத்தது. பட்டாணி வாயை விடுவித்தாள். நிறைந்த அவையில் அவமதிக்கப்பட்ட பேரரசி போலத் தாயை ஏறிட்டாள். கீழுதடு மெல்ல, மிக மெல்லப் பிதுங்கியது. பின்னர் அவள் அழுத அழுகையை எந்தப் புலவனும் எழுதி முடிக்கமாட்டான், தாள் நனைந்துவிடும்.

பத்து மணிக்கு முதல் முற்றுகை. மார்பருகே கொண்டுசென்றதும் பட்டாணி நாணேற்றிய வில்லென முதுகை வளைத்து, முகத்தைத் திருப்பி, இரு கைகளாலும் தள்ளினாள். இடப்புறம் தந்தாள் தாய், மறுத்தாள் மகள். வலப்புறம் தந்தாள், மறுத்தாள். மடியில் கிடத்தியும், அக்குளிடையே இடுக்கியும், நின்றும், நடந்தும், திரைச்சீலையை இழுத்து அறையை இருளாக்கியும், தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து தெரியாத பாட்டையும் பாடியும் தாய் படையெடுத்தாள். ஒவ்வொரு படையெடுப்பும் கோட்டைமதிலில் மோதிய அலைபோலச் சிதறித் திரும்பியது. ஈற்றில் அவள் தன் பேராயுதத்தையே எடுத்தாள். தொண்டையைச் செருமி, தொழிற்குரலில் முழங்கினாள்:

"பட்டாணி அவர்களின் கனிவான கவனத்திற்கு! ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய பால் வண்டி இப்போது முதலாவது நடைமேடையில் தயாராக உள்ளது. ஏற்பட்ட தும்மலுக்கு வருந்துகிறோம்!"

வாழ்விலேயே முதன்முறையாக அவள் உண்மையில் வருந்தினாள். பட்டாணியோ காது சிவக்க வீறிட்டாள்.

நண்பகல் கடந்தது. குடிக்க ஆளில்லாத பால் கட்டி மார்பு கல்லாயிற்று, சட்டை நனைந்தது, கண்ணும் நனைந்தது. "ஏங்க, இவளுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சு. நான் வேணாங்கறா."

கணவன் ஓட்டுநர் பயிற்சிப்பள்ளி ஆசான். மதிற்சுவரை நோக்கிப் பாயும் வண்டியின் பக்கத்து இருக்கையிலமர்ந்தும் 'ஒண்ணும் அவசரமில்ல' என்று அருளும் பொறுமைக்கடல். "வண்டி ஆஃப் ஆயிடுச்சு, அவ்வளவுதான். மறுபடி ஸ்டார்ட் பண்ணா ஓடும்," என்றான்.

"அவ என்ன வண்டியா?" என்று அவள் திரும்பிய வேகத்தில் பொறுமைக்கடல் இரண்டடி உள்வாங்கியது. உள்வாங்கிய இடத்திலிருந்து அவன் குழந்தைகள் நல மையத்துச் செவிலிக்குப் போன் போட்டான்.

செவிலியின் திருவாய்மொழி வருமாறு: "கட்டாயப்படுத்தாதீங்கம்மா, பயந்துபோயிருக்கு. பாலைப் பீச்சி எடுத்து ஸ்பூன்ல குடுங்க. ஒண்ணுக்குப் போகுதான்னு பார்த்துக்கங்க. சட்டையில்லாம அப்படியே மார்மேல போட்டுக்கிட்டு சும்மா படுங்க. நீங்களா வாயில வைக்காதீங்க, அதுவா வரட்டும். ஸ்பூன்லயும் சரியா எடுக்கலன்னா சாயந்திரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

அடுத்து நிகழ்ந்ததை உலகம் நகைக்கலாம், நாம் நகையோம். தாயின் மணம் இருந்தால் மகள் இணங்குவாள் என்று தேர்ந்த அந்த ஆசான், மனைவி காலையில் களைந்த பூப்போட்ட நைட்டியைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, மீசையோடும் பீச்சிய பாலோடும் ஸ்பூனோடும் களம் புகுந்தான். பட்டாணி அந்தப் பூந்தோட்டத்தை நெடுநேரம் ஆராய்ந்தாள். வியப்பால் வாய் பிளந்தபோதெல்லாம் ஒரு ஸ்பூன் உள்ளே போயிற்று. எட்டு ஸ்பூன் வயிற்றுக்கும் ஏழு ஸ்பூன் நைட்டிக்கும் என்று பங்கீடு முடிந்தபின் அவள் துணியை நனைத்தாள். கோட்டை விழவில்லை, ஆயினும் அந்த ஈரத்துணியை வெற்றிக்கொடிபோல் உயர்த்திக் காட்டினான் கணவன்.

மாலை நான்கு மணி. தரையில் விரித்த மெத்தையில், போர்வைக்குள், மகளை வெற்றுமார்பில் கவிழ்த்தபடி படுத்திருந்தாள் அறிவிப்பாளர். தரவில்லை, கெஞ்சவில்லை, பாடவில்லை. இன்னும் ஒரு மணிநேரம். அதற்குள் குடிக்காவிட்டால் மையத்துக்குப் புறப்படுவது என்று பையும் எடுத்து வைத்தாகிவிட்டது. விரலால் அந்த நாற்பது முடியையும் தடவிக்கொண்டிருந்தபோது வாசல்மணி அடித்தது.

கணவன் போய்க் கதவைத் திறந்தான். நைட்டியோடு திறந்தான். வெளியே, ஓட்டுநர் தேர்வில் ஐந்து முறை வீழ்ந்தும் தளராத ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நான்கு மணி வகுப்புக்கு நான்கு மணிக்கே வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அம்மா... மாஸ்டர் இருக்காருங்களா?"

"நான்தான் சார்."

வாத்தியார் கண்ணாடியை மறுபடியும் கழற்றினார்.

"நான் வேணா... நாளைக்கு வரட்டுமா?"

"ஒண்ணும் அவசரமில்ல சார். வண்டியில உக்காருங்க. சீட் பெல்ட்டப் போடுங்க. நான் மாத்திக்கிட்டு வந்துடறேன்."

மெத்தையில் கிடந்த தாயின் அடிவயிற்றில் ஏதோ ஒன்று கிளம்பியது. உதட்டைக் கடித்தாள், மூச்சைப் பிடித்தாள், பயனில்லை. ஊழிப் பெருவெள்ளம் அணையை உடைத்தாற்போலச் சிரிப்பு பீறிட்டது. அவள் குலுங்கினாள், அவள் மேலிருந்த பட்டாணி கடலலைமேல் தோணியென ஏறினாள், இறங்கினாள், மீண்டும் ஏறினாள். தலை தூக்கித் தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து விக்கலோ இருமலோ என்று ஐயுறத்தக்க ஓர் ஒலி வந்தது, இன்னொன்று வந்தது, பிறகு, பிறந்த நூற்றிருபது நாளில் எவரும் கேட்டிராத வகையில், பட்டாணி கெக்கெக்கென்று வாய்விட்டுச் சிரித்தாள். தாய் சிரிக்க மகள் சிரிக்க, மகள் சிரிப்பதைக் கண்டு தாய் இன்னும் சிரிக்க, திறந்த அந்த வாயே கோட்டை வாயிலாயிற்று: சிரித்த களைப்பில் கன்னம் சரிந்து, மூக்கு தடவி, உதடு துழாவி, எவரும் தராமலே தானாகவே பற்றிக்கொண்டாள் பட்டாணி. மடக், மடக், மடக்! முரசங்காள், முழங்குங்கள்! சங்கங்காள், ஆர்ப்பரியுங்கள்! ஆனால் மெதுவாக, குழந்தை குடிக்கிறது.

கதவருகே ஒரு கை நைட்டிக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகக் கணவன் சிலையானான். தெருவில் கணக்கு வாத்தியார் சீட் பெல்ட்டோடு காத்திருந்தார். இடம் வற்றி, வலமும் வற்றி, கல்லாயிருந்ததெல்லாம் கனிந்திளகி, கண்ணீர் இரு காதுகளிலும் குளம் கட்ட, உலகை வென்ற அவ்வீராங்கனை அசையாது கிடந்தாள். மார்பின்மேல் மகள் உறங்கிப்போனாள்.

தாய்க்குப் பசித்தது.