முதலாளி கண்ணில் படாத சட்டை

முதுகு வலி என்று சொல்லி லீவு போட்ட வெர்லின், அந்த முதுகை ஓக் மரத்தில் சாய்த்துக்கொண்டு காட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது, நாற்பதடி தள்ளி இன்னொரு ஓக் மரத்தடியில் வந்து உட்கார்ந்தவர் அவனுடைய முதலாளி.

வெர்லின் மரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டான். ஓடவும் முடியாது, இருக்கவும் முடியாது. கண்ணைக்கூட மெதுவாகத்தான் சிமிட்டினான்.

அமெரிக்காவில், ஓசார்க் மலைப் பக்கம் ஏப்ரலில் வான்கோழி வேட்டை ஆரம்பித்துவிட்டால் ஊரே காட்டில் இருக்கும், வெர்லினைத் தவிர. மிஸ்டர் ஹோபார்ட்டின் வேட்டைச் சாமான் கடையில் துணிப் பகுதி அவனுடையது. இலையும் மரப்பட்டையும் அச்சடித்து, ஆளைக் காட்டோடு காடாக ஆக்கிவிடும் சட்டைகளை விற்பது அவன் வேலை. "இதைப் போட்டுக்கிட்டு உட்காருங்க சார், வான்கோழி உங்க மடியில வந்து முட்டை வைக்கும்" என்பான். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

உண்மையில் அதைப் போட்டுக்கொண்டு அவன் ஒரு நாளும் காட்டில் உட்கார்ந்ததில்லை. சீசனில்தானே கடையில் கூட்டம்! துணியில் நாலு இலையை வரைந்துவிட்டால் பறவை ஏமாந்துவிடுமா என்று அவனுக்கே உள்ளூர ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகம் எட்டு வருடமாக அரித்து, கடைசியில் முதுகு வலியாக வெளியே வந்தது. காலையில் அவன் மனைவி நோரீன்தான் கடைக்கு போன் செய்து, "கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியலை சார்" என்றாள். அப்போது வெர்லின் சமையலறையில் நின்றபடி பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

சட்டை, பேன்ட், தொப்பி, முகத்திரை எல்லாம் கடையுடையவை. திங்கட்கிழமை மடித்துத் திரும்ப வைத்துவிடலாம் என்று காலருக்குள் செருகியிருந்த விலைச்சீட்டு பின்கழுத்தில் குத்திக்கொண்டே இருந்தது.

"இங்க உட்காருங்க டெல்பர்ட்" என்றார் ஹோபார்ட், தாழ்ந்த குரலில். "துணியில குத்தமா, ஆள்ல குத்தமான்னு இன்னைக்குப் பார்த்துடுவோம்."

கூட வந்தவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற டெல்பர்ட். பெருத்த உடம்பு. போன வாரம் வெர்லினிடம்தான் இதே இலைச் சட்டையை வாங்கிப் போனான்.

"ஆள்ல என்ன குத்தம்? நான் கல்லு மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். மூணு பறவை வந்துச்சு. மூணும் நின்னு என்னைப் பார்த்துட்டு, குட்மார்னிங் சொல்லாத குறையாப் போச்சு."

"நீங்க அசைஞ்சிருப்பீங்க."

"மூச்சு விட்டேன். அதுக்கும் ரசீதுல தடை போட்டிருக்கா?"

"சரி, கோவிச்சுக்காதீங்க."

"மடியில முட்டை வைக்கும்னானே உங்க கடை ஆளு! அவன் ஒரு நாளாவது இதைப் போட்டுக்கிட்டுக் காட்டுல உட்கார்ந்திருப்பானா?"

உட்கார்ந்திருக்கிறேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது வெர்லினுக்கு.

ஹோபார்ட் பெருமூச்சு விட்டார். "வெர்லினுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். இன்னைக்கு இந்தத் துணி பறவையை ஏமாத்தலைன்னா, திங்கட்கிழமையே அவனை வீட்டுக்கு அனுப்பிடறேன். போதுமா?"

கர்த்தரே, இந்தத் துணி நல்ல துணியாக இருக்கட்டும் என்று வெர்லின் வேண்டிக்கொண்டான். முதலாளியின் பார்வை அவன் மேல் ஊர்ந்து, மரத்தின் மேல் ஊர்ந்து, மறுபடி அவன் மேல் ஊர்ந்து போயிற்று. நிற்கவில்லை. ஓர் உண்ணி அவன் காதுக்குப் பின்னால் நிதானமாக இடம் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டான்.

"அவன்கிட்டயே கேட்டுடறேன், எந்தக் கம்பெனித் துணின்னு" என்று ஹோபார்ட் பையிலிருந்து போனை எடுத்தார்.

வெர்லினின் நெஞ்சுப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி சத்தம்.

"என்ன அது?" என்றான் டெல்பர்ட்.

"மரங்கொத்தி" என்றார் ஹோபார்ட், போனைக் காதில் வைத்தபடி.

வெர்லின் ஒவ்வொரு விரலாக நகர்த்திப் பைக்குள் விட்டான். அணைக்கத்தான் பார்த்தான். கையுறை போட்ட விரல் எங்கேயோ பட்டு, அழைப்பை எடுத்துவிட்டது.

"வெர்லின்! எப்படிப்பா இருக்கே?" என்று மரத்தடியிலிருந்து ஒரு ஹோபார்ட் கேட்டார். அவன் நெஞ்சுக்குள்ளிருந்து இன்னொரு ஹோபார்ட் அதையே கேட்டார்.

அவசரமாகப் போனை முகத்திரைக்குள் திணித்துக்கொண்டான். பதில் சொன்னால் மாட்டிக்கொள்வான். சொல்லாவிட்டால் அவர் விடாமல் கூப்பிடுவார். நோயாளி மாதிரி ஒரு முனகல் போதும் என்று தோன்றியது. மெல்ல முனகினான்.

வாயில், அண்ணத்தோடு ஒட்டியிருந்த ரப்பர் விசிலை மறந்துவிட்டான். பெட்டை வான்கோழி மாதிரி கூப்பிடுவதற்கென்றே செய்த விசில் அது. முனகல், அழகான பெட்டைக் குரலாக வெளியே வந்தது.

ஹோபார்ட் சிலையானார். பிறகு போனில் கிசுகிசுத்தார்: "வெர்லின், நீ நல்லா ரெஸ்ட் எடு. இங்க ஒரு பெட்டை கத்துது, வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். துப்பாக்கியை முழங்காலில் தாங்கி, குழலை வெர்லின் பக்கம் திருப்பினார்.

"அந்தப் புதருக்குள்ள இருக்கு" என்றார்.

அந்தப் புதர் வெர்லின்.

இப்போது அவன் வேண்டுதல் தலைகீழாக மாறியது. கர்த்தரே, இது மட்டமான துணியாக இருக்கட்டும். எட்டு வருடமாக நான் சொன்னதெல்லாம் பொய்யாகப் போகட்டும். மனுஷன் என்று தெரிந்தால் போதும். வேலை போனால் போகிறது. இல்லை, வேலையும் போகக் கூடாது. யாரோ ஒரு முகம் தெரியாத மனுஷன் இருக்கிறான் என்று மட்டும் தெரிந்து, அவர் குழலைத் திருப்பிக்கொண்டால் போதும்.

மெதுவாகக் கையைத் தூக்கி ஆட்டினான்.

"பாருங்க, பாருங்க. றெக்கையைச் சிலிர்க்குது" என்றார் ஹோபார்ட் பரவசத்தோடு.

"சுடுங்க சார்!"

"யோவ், வசந்த காலத்துல பெட்டையைச் சுடக்கூடாதுய்யா, சேவலைத்தான் சுடணும். இதைத் தேடிக்கிட்டு அது தானா வரும். பேசாம இருங்க."

வெர்லினுக்கு உயிர் பாதி திரும்பியது. பெட்டையாக இருக்கும்வரை ஆபத்து இல்லை. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, முடிந்த அளவுக்குப் பெட்டையாக இருந்தான். நேரம் போயிற்று. அவர்கள் சாஸேஜ் ரொட்டியைப் பிரித்துத் தின்றார்கள். அவனுடைய ரொட்டி காலடிப் பையில் கிடந்தது. வாசனை மட்டும் வந்தது. ஒரு கால் மரத்துப்போயிற்று. அவர்கள் அலுத்துப்போய் எழுந்து போய்விடுவார்கள், எப்படியும் சட்டப்படி மதியம் ஒரு மணிக்கு மேல் வேட்டை கிடையாது என்று அந்த ஒரு மணிக்காக அவன் காத்துக்கிடந்தான்.

டெல்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தான். "மணி ஒண்ணு தாண்டிடுச்சு சார். கிளம்பலாம். துணியை நான் திங்கட்கிழமை கொண்டாந்து போட்டுடறேன்."

ஹோபார்ட் எழுந்திருக்கக் கையை ஊன்றினார். வெர்லினுக்கு அழுகை வரும் போலிருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரத்தில்தான் சேவல் வந்தது.

மரக் கூட்டத்தின் விளிம்பிலிருந்து நடுவிலிருந்த புல்வெளிக்குள், வால் விரித்து, மார்பு நிமிர்த்தி, சறுக்கிக்கொண்டு வருகிற மாதிரி வழுவழுவென்று வந்தது. கல்யாண வீட்டில் நடன மேடைக்கு வருகிற மாப்பிள்ளைகூட அவ்வளவு மிடுக்காக வரமாட்டான்.

ஹோபார்ட் ஊன்றிய கையை எடுத்தார். துப்பாக்கி மறுபடி முழங்காலுக்கு ஏறியது.

"சார், மணி ஒண்ணு தாண்டியாச்சு" என்றான் டெல்பர்ட்.

"என் வாட்ச்சுல இன்னும் ஆகலை."

"உங்க வாட்ச் எங்க?"

"வீட்டுல."

"வனத்துறை ஆளு பிடிச்சான்னா துப்பாக்கியையும் பிடுங்கிட்டு, லைசென்ஸையும் கிழிச்சுப் போட்டுடுவான் சார்."

"இந்தக் காட்டுக்குள்ள யாருய்யா வரப்போறான்? நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒரு குருவி இல்லை. உங்களுக்காகத்தான்யா பார்க்கிறேன். பறவை வந்துருச்சா இல்லையா? துணி வேலை செய்யுதா இல்லையா?"

சேவல் இரண்டு மரங்களுக்கும் நடுவில் நின்று, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. குழல் அதன் தலையைத் தொடர்ந்தது. தலைக்குப் பின்னால் வெர்லினுடைய தலை இருந்தது.

இதை விரட்டிவிட வேண்டும். வான்கோழிகள் ஆபத்து என்றால் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டால் எந்தச் சேவலும் ஒரு நொடி நிற்காது. வாடிக்கையாளர்களுக்கு அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான். விசிலை நாக்கால் அழுத்தி 'டக்' என்றான்.

சேவல் அவன் பக்கம் திரும்பி, இன்னும் நாலடி கிட்டே வந்தது.

'டக்! டக்!'

இன்னும் கிட்டே வந்தது. அவன் பூட்ஸுக்கு எதிரே வந்து நின்று வாலை விரித்தது. ஹோபார்ட் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்து, ஒரு கண்ணை மூடினார். அந்தக் கண் மூடியதைப் பார்த்ததும் வெர்லினுக்கு வேலை, வீட்டுக் கடன், நோரீன், திங்கட்கிழமை எல்லாம் மறந்துபோயிற்று. துள்ளி எழுந்து கத்தினான்.

விசில் வாயிலேயே இருந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு புதர் எழுந்து நின்று பெட்டை வான்கோழி மாதிரி அலறியதைப் பார்த்து, டெல்பர்ட் மல்லாக்க விழுந்தான். ஹோபார்ட் துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டார்.

வெர்லின் விசிலைத் துப்பினான். "சுடாதீங்க! மனுஷன்! மனுஷன்!"

"யாரு?" என்றார் ஹோபார்ட். குரல் கீச்சென்று வந்தது.

தப்பிக்க அப்போதும் ஒரு வழி இருந்தது. முகத்தில் திரை இருந்தது. ஆனால் மரத்துப்போன கால் மடங்கியது. வெர்லின் நொண்டிக்கொண்டே அவர்களிடம் வந்து, திரையை இறக்கினான்.

"நான்தான் சார்."

ஹோபார்ட் அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "உனக்கு முதுகு வலி."

"இல்லை சார். கால்தான் மரத்துப்போச்சு."

"எழுந்திருக்கவே முடியலைன்னு உன் பொண்டாட்டி சொன்னாளே!"

"நான்தான் சார் சொல்லச் சொன்னேன். அவ மேல தப்பு இல்லை."

"போன்ல ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

"முனகினேன் சார். அந்தப் பெட்டை நான்தான்."

ஹோபார்ட்டின் பார்வை காலருக்குப் போயிற்று. விலைச்சீட்டு வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அவர் கடையின் பெயர் இருந்தது.

"சார், எட்டு வருஷமா இதை வித்துக்கிட்டு இருக்கேன்" என்றான் வெர்லின். "ஒரு நாளாவது போட்டுப் பார்க்கணும்னு தோணுச்சு. சொல்றது நிஜமான்னு தெரியாமலே சொல்லிக்கிட்டு இருந்தா ராத்திரி தூக்கம் வரலை சார். என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. ஆனா ஆள் இருக்கிற பக்கம் குறி வைக்காதீங்க."

ஹோபார்ட் தரையில் கிடந்த துப்பாக்கியையும் அவன் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். தான் எதைச் சுட இருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

டெல்பர்ட் முதுகில் ஒட்டிய சருகோடு எழுந்து உட்கார்ந்தான். "இரு, இரு. நாங்க வர்றதுக்கு முன்னாடி இருந்தே அங்கதான் உட்கார்ந்திருந்தியா?"

"ஆமா சார்."

"எனக்கு எதிர்லயே?"

"ஆமா."

"நான் உன்னைத் திட்டினப்போவும்?"

"அப்பவும்தான்."

"கர்த்தரே! எனக்கு ஒரு நூல்கூடத் தெரியலையே!" அவன் தன் சட்டையை, புதிதாகப் பார்ப்பது போல், தடவிப் பார்த்தான். "சார், இதை நான் திருப்பித் தரமாட்டேன். என் மச்சானுக்கும் ஒண்ணு எடுத்து வைங்க."

ஹோபார்ட் திறந்த வாயை மூடினார். திட்ட வந்தவருக்கு வியாபாரம் குறுக்கே நின்றது. "திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. பேசிக்கலாம்" என்றார் கடைசியில். வராதே என்று சொல்லவில்லை என்பதை வெர்லின் இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"சார்" என்றான் டெல்பர்ட் மெதுவாக. "அந்தச் சேவல் இன்னும் போகலை."

மூன்று பேரும் திரும்பினார்கள். இவ்வளவு கூச்சலுக்கும் அசராமல், வால் விரித்து, கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பியபடி அது அங்கேயே நின்றது. அதற்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை.

ஹோபார்ட் சத்தம் இல்லாமல் குனிந்து துப்பாக்கியை எடுத்தார். "ரெண்டு பேரும் என் பின்னால வாங்க. மூச்சு விடாதீங்க."

"வேண்டாம் சார், மணி ஆயிடுச்சு" என்று வெர்லின் அவர் கையைப் பிடித்தான். அவர் உதறினார். அவன் விடவில்லை.

அப்போது டெல்பர்ட்டுக்குப் பின்னால் கிடந்த, பாசி பிடித்த கட்டை ஒன்று கொட்டாவி விட்டபடி சொன்னது: "சுடறதா இருந்தா சீக்கிரம் சுடுங்க சார், நான் கேஸ் எழுதிட்டு வீட்டுக்குப் போகணும். என் சேவலுக்குப் பேட்டரி தீரப்போகுது."