பதவிக்கு வந்தா அடங்கிடுவார்

ஜெர்மனியில் சூரியன் உதிப்பதும், ரைன் நதி பள்ளத்தைப் பார்த்து ஓடுவதும், அரசாங்கம் கவிழ்வதும், கவிழ்ந்தது எழுந்து மறுபடி கவிழ்வதும் ஒரே ஒருவர் அனுமதியோடுதான் நடக்கிறது. அவர் எங்கள் ஊர் ரொட்டிக்கடை ஒட்மார் மாமா. நம்பிக்கை இல்லையா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அப்பாவின் பீர் கடைக்கு வாருங்கள். அடுப்போரத்து வட்ட மேஜையில் உட்கார்ந்து நாட்டை நடத்திக்கொண்டிருப்பார். அது வாடிக்கைக்காரர்கள் மேஜை. அவரவருக்கு அவரவர் நாற்காலி, சுவரில் அவரவர் கொக்கி, கொக்கியில் அவரவர் மூடி போட்ட குவளை. மேயரே வந்தாலும் அடுத்தவர் நாற்காலியில் உட்கார முடியாது.

மாமா கெட்டவர் இல்லை. அவர் ஒரு ரகம். ‘பதவிக்கு வந்தா அடங்கிடுவார்’ ரகம்.

அடையாளம் சொல்கிறேன். முதல் குவளையில், சேர்த்த காசெல்லாம் ஒரு ரொட்டிக்குக்கூடத் தேறாமல் போன வருஷத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார். இரண்டாவதில், தோற்ற போருக்குக் கையெழுத்துப் போட்டவர்களைத் திட்டுவார். மூன்றாவதில், வேலையில்லாமல் தெருவில் நிற்பவர்களைப் பார்த்துப் பயப்படுவார், சிவப்புக்கொடிக்காரன் வந்து ரொட்டி அடுப்பைப் பிடுங்கிக்கொள்வான் என்று அதைவிடப் பயப்படுவார். பயமெல்லாம் நிஜம்தான், அந்த வருஷத்தை நினைத்து மாமி இன்னும் அழுவதை நானே பார்த்திருக்கிறேன். நான்காவது குவளையில்தான் ஞானம் பிறக்கும்.

“அந்தக் கத்துற ஆளு வரட்டுமே. கொஞ்ச நாள் ஒழுங்குபடுத்தட்டும்.”

“அப்புறம் போகமாட்டேன்னா?” என்பார் பக்கத்து நாற்காலி ஹைமன். பொத்தான் வியாபாரி, யூதர், என் உண்டிவில்லுக்கு உடைந்த பொத்தான்களை அள்ளித் தரும் ஒரே பெரிய மனிதர்.

“போகச் சொல்லுவோம்ல!”

“யாரு சொல்லுவா?”

“யாராவது சொல்லுவாங்கய்யா. நீ குடி.”

போன வெள்ளிக்கிழமை அந்தக் கத்துகிற ஆளின் பழுப்புச் சட்டைப் படையிலிருந்து கெரோல்ட் வந்தான். யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட, உட்கார்ந்தான். ஹைமனின் நாற்காலி! கொஞ்ச நேரத்தில் ஹைமன் வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“யூதனுக்கு இங்க இடமில்ல” என்றான் கெரோல்ட், ஹைமனின் குவளையைக் கொக்கியிலிருந்து கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டபடி.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். நாட்டையே நடத்துகிறவர் ஆயிற்றே! மாமா பீர் நுரையை ஆராய்ந்தார்.

“இன்னிக்கு ஒரு நாள்தானே, ஹைமன். ஜன்னலோரம் உட்காரேன், நல்லா காத்து வரும்.”

வெளியே ஜனவரிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹைமன் வீட்டுக்குப் போய்விட்டார்.

“சின்னப் பையன், சரியாயிடுவான்” என்றார் மாமா, கெரோல்ட் போன பிறகு, மெதுவாக.

சிரிக்கிறீர்களா? உங்கள் ஊரிலும் மேஜைகள் உண்டு. நாற்காலிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

குப்பைக்கூடையிலிருந்து குவளையை அன்றைக்கே எடுத்துக் கழுவி ஒளித்துவைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. கடை திறக்குமுன் அதைப் பழைய கொக்கியில் மாட்டினேன். பின்கதவில் ரொட்டிக்கூடையோடு மாமா.

“டேய் ரூடி! என்னடா பண்ற?”

“நீங்க பண்ணாதத, மாமா. அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

மாமாவின் முகம் அவர் அடுப்பைவிடச் சிவந்தது. “சொல்லல. ஒத்துக்கறேன். அந்தக் கெரோல்டுக்கு நாற்காலிய இழுத்துப் போட்டது யாருடா?”

“அது... யாரு வந்தாலும் இழுத்துப் போடுற பழக்கம் மாமா. பூட்ஸ் வேற பளபளன்னு இருந்துச்சு.”

“சரி. இப்ப ஹைமன் வருவான், கெரோல்டும் வருவான். ‘எந்திரிடா, அது ஹைமன் நாற்காலி’ன்னு யாரு சொல்லப்போறா?”

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

“யாராவது சொல்லுவாங்க” என்றேன்.

மாமா என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.